மைட்டோகாண்ட்ரியாவின் பூர்வீகம்

கேள்வி: மனித செல்லில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா என்கிறார்கள். பாடப்புத்தகமோ அதை ரைபோசோம், கோல்கை, எண்டோபிளாச வலை ஆகியவற்றோடு சேர்த்து செல்லின் உறுப்பு என்றுதான் சொல்கிறது. எது சரி? அது பாக்டீரியாதான் என்றால் வெளியே எடுத்துத் தனியாக வளர்க்க முடியாதது ஏன்?
– பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்

பதில்: இரண்டும் சரி. இன்று அது செல்லின் உறுப்பு, பூர்வீகத்தில் பாக்டீரியா. செய்யும் வேலையை வைத்துப் பார்த்தால் முதல் பதில், வம்சத்தை வைத்துப் பார்த்தால் இரண்டாவது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி செலவாவது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில்தான். சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் ஆற்றல் அங்கேதான் ஏடிபி என்ற மூலக்கூறாக மாறுகிறது. முதிர்ந்த சிவப்பணுக்களைத் தவிர நம் உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. இவ்வளவு அடிப்படையான ஒன்று வெளியிலிருந்து வந்தது என்றால் ஆதாரம் கேட்பதுதான் முறை.

சந்தேகம் பழையது. 1890-இலேயே ஜெர்மனியில் ரிச்சர்ட் ஆல்ட்மன் இந்தத் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்து, இவை செல்லுக்குள் வாழும் தனி உயிர்கள் என்று எழுதினார். 1920-களில் அமெரிக்காவில் ஐவன் வாலின் இன்னும் ஒரு படி மேலே போய், மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டிவிட்டதாகச் சொன்னார். அவர் தட்டில் வளர்ந்தது வெளியிலிருந்து கலந்த சாதாரண பாக்டீரியா என்று மற்றவர்கள் முடிவுகட்டினார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் இந்தக் கருத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள ஆளில்லை. அப்படி ஒதுக்கியதில் தவறு சொல்ல மாட்டேன். அன்று கையில் இருந்த ஆதாரம் உருவ ஒற்றுமை ஒன்றுதான். பார்க்க ஒன்றுபோல இருப்பதெல்லாம் உறவு ஆகிவிடாது.

நிலைமை மாறியது 1963-இல். மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் தம்பதி கோழிக் கருவின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் டிஎன்ஏ இழைகள் இருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். 1967-இல் லின் மார்குலிஸ் (அப்போது அவர் லின் சேகன்) பல இதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரையை ஒருவழியாக அச்சில் கொண்டுவந்து, பாக்டீரியா பூர்வீகத்தை மீண்டும் விவாதத்துக்கு இழுத்தார். அதையொட்டிய ஆண்டுகளில் சான்றுகள் குவிந்தன. மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ, பெரும்பாலான பாக்டீரியாக்களுடையதைப் போல வளையமானது. உட்கருவில் டிஎன்ஏ சுற்றிவைக்கப்படும் ஹிஸ்டோன் புரதங்கள் அங்கே இல்லை. உட்சவ்வில் கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு இருக்கிறது. அது பாக்டீரியாக்களின் சவ்வில் சகஜம், நம் செல்லின் மற்ற சவ்வுகளில் அரிது. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி ரைபோசோம்களும் உண்டு. பாக்டீரியாவின் புரத உற்பத்தியை முடக்கும் குளோராம்ஃபெனிகால் மருந்து அந்த ரைபோசோம்களையும் முடக்கும், வெளியே செல்லின் திரவத்தில் இருக்கும் ரைபோசோம்களை ஒன்றும் செய்யாது. சைக்ளோஹெக்சிமைடு கொடுத்தால் நேர்மாறாக நடக்கும்: வெளியில் வேலை நின்றுபோகும், உள்ளே தடையில்லாமல் ஓடும். ஒரே செல்லுக்குள் இரண்டு வகைப் புரதத் தொழில் நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அப்படியும் 1972-இல் ராஃப், மாலர் என்ற இருவர் ஒரு வலுவான மறுப்பை எழுதினார்கள். ஆதி செல்லே தன் சவ்வை உள்ளே மடித்து, தன் டிஎன்ஏ-யில் ஒரு துண்டை அதற்குள் வைத்து மூடியிருக்கலாம். பிறகு உட்கரு வேகமாக மாறிவிட, உள்ளே அடைபட்டது மட்டும் பழைய பாக்டீரியா சாயலோடு தங்கியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். மேலே சொன்ன சான்றுகள் அத்தனையையும் இதற்குள் எப்படியாவது அடக்கிவிடலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழிதான் இருந்தது. உள்ளிருந்து உருவானது என்றால் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்கள் அதே செல்லின் உட்கருவோடுதான் நெருக்கமாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்தது என்றால் ஏதோ ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாக் குடும்பத்தோடு நெருங்க வேண்டும். ஓலைச்சுவடிகளை ஒப்பிடுகிறவர்கள், ஏடெழுதியவர் செய்த பிழை எந்தெந்தச் சுவடியில் பொதுவாக வருகிறது என்று பார்த்து, எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று வரிசைப்படுத்துவார்கள். மரபணு எழுத்துகளிலும் அதே முறை செல்லும்.

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் மைக்கேல் கிரே, ஃபோர்டு டூலிட்டில் குழுவினர் கோதுமையின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ரைபோசோம் ஆர்என்ஏ-வை இப்படி ஒப்பிட்டு 1977-இல் முடிவை வெளியிட்டார்கள். அது கோதுமையின் உட்கருவோடு சேரவில்லை, பாக்டீரியாவோடு சேர்ந்தது. அடுத்தடுத்த ஒப்பீடுகள் இன்னும் குறுகி, ஆல்ஃபாபுரோட்டியோபாக்டீரியா என்ற ஒரே குழுவைக் காட்டின. 1998-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் சீவ் ஆண்டர்சன் குழு, பேன் மூலம் பரவும் டைஃபஸ் காய்ச்சலின் கிருமியான ரிக்கெட்சியாவின் முழு மரபணுத் தொகுதியை வாசித்தபோது, ஆற்றல் உற்பத்திக்கான அதன் மரபணுக்கள் மைட்டோகாண்ட்ரியாவோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போயின. நம் ஊரில் மழைக்காலத்தை ஒட்டிக் காணப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலின் கிருமியும் ரிக்கெட்சியாவின் நெருங்கிய சொந்தம்தான். மைட்டோகாண்ட்ரியாவின் மூதாதை இந்தக் குழுவுக்குள்ளேயே வருமா, குழுவுக்குச் சற்று வெளியே நிற்குமா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. அது எந்த வீட்டுப் பிள்ளை என்ற வாதம். எந்த ஊர் என்பது முடிந்துபோன விஷயம்.

செல் பிரிதலைப் பாருங்கள், அங்கேயும் இந்தப் பூர்வீகம் தெரியும். மனித செல் இரண்டாவதற்கு முன் உட்கருவின் 46 குரோமோசோம்களும் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் மட்டும் ஒருமுறை நகலாகி, கதிர் இழைகளால் எண்ணிப் பங்கிடப்படுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ அந்தக் கால அட்டவணைக்குக் கட்டுப்படுவதில்லை. இனிப் பிரியவே போகாத நரம்பு செல்லில்கூட அது நகலாகிக்கொண்டே இருக்கும். செல் பிரியும் நேரத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் வலை துண்டு துண்டாகி, இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பரவுகிறது. எண்ணிக் கொடுக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. பங்கு கிடைக்காத செல் தானே செய்துகொள்ள முடியுமா என்றால், முடியாது. 1989-இல் கிங், அட்டார்டி என்ற இரு ஆய்வாளர்கள் மனித செல்களிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ-வை முற்றிலும் நீக்கிவிட்டார்கள். தனி ஊட்டம் கொடுத்தால் அந்த செல்கள் பிழைத்தன; ஆனால் எத்தனை தலைமுறை பெருகினாலும் இழந்த டிஎன்ஏ திரும்ப வரவில்லை. வேறு செல்லின் மைட்டோகாண்ட்ரியாவை உள்ளே செலுத்திய பிறகுதான் வந்தது. எண்டோபிளாச வலையும் பழைய வலையிலிருந்தே வளர்கிறது, அதையும் பாக்டீரியா என்பீர்களா என்று கேட்கலாம். இல்லை, அதற்கு வேண்டிய மரபணுக்கள் எல்லாம் உட்கருவில் இருக்கின்றன, அதற்கென்று தனி டிஎன்ஏ கிடையாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1981-இல் கேம்பிரிட்ஜில் மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ முழுவதும் வாசிக்கப்பட்டது: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள், அவற்றில் புரதத்துக்கானவை வெறும் 13. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வேலை செய்யும் புரதங்களோ சுமார் 1,100. மீதி அனைத்தும் உட்கருவின் மரபணுக்களைக் கொண்டு வெளியே செய்யப்பட்டு, சவ்வுகளின் வழியே உள்ளே அனுப்பப்படுகின்றன. வெளியே எடுத்தால் வளராததன் காரணம் இதுதான். ‘அப்படியானால் அது ஒருபோதும் தனி உயிராக இருந்திருக்க முடியாது’ என்று இதிலிருந்து முடிவு கட்டுகிறவர்கள், மரபணுக்கள் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து உட்கருவுக்கு இடம் மாறும் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. ரெக்லினோமோனாஸ் என்ற நன்னீர் ஒருசெல் உயிரியின் மைட்டோகாண்ட்ரியாவில் 97 மரபணுக்கள் இருப்பது 1997-இல் தெரியவந்தது. பாதி தூரம் வந்து நின்றுவிட்ட நிலை அது. இடமாற்றம் நடந்த தடத்தை நம் சமையலறைப் பயறிலேயே காணலாம். மூச்சுத் தொழிலுக்கு வேண்டிய காக்ஸ்2 என்ற மரபணு பெரும்பாலான தாவரங்களில் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. தட்டைப்பயறில் அது அங்கே இல்லை, உட்கருவுக்குப் போய்விட்டது. அதன் உறவான சோயாவில் இரண்டு இடத்திலும் இருக்கிறது. உட்கருவின் பிரதி வேலை செய்ய, மைட்டோகாண்ட்ரியாவின் பிரதி சும்மா கிடக்கிறது. ஒரே குடும்பத்து இரண்டு பயறில் இடமாற்றத்தின் இரண்டு கட்டங்கள்.

இன்னும் சில ஆட்சேபங்கள் உண்டு. மரபுச் சங்கேதத்தில் ‘நிறுத்து’ என்று பொருள்படும் ஒரு மூன்றெழுத்து, மனித மைட்டோகாண்ட்ரியாவில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கிறது; பாக்டீரியாவின் வாரிசு சங்கேதத்தை ஏன் மாற்ற வேண்டும் என்பார்கள். தாவரங்களிலும் ரெக்லினோமோனாஸிலும் பொதுச் சங்கேதமே நீடிக்கிறது. ஆகவே மாற்றம் பிற்பாடு விலங்கின் கிளையில் வந்தது. ஒரு நுண்ணுயிருக்குள் இன்னொன்று நுழைந்து தங்குவது நடக்கிற காரியமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. நம் தோட்டத்துச் செடிகளில் வெள்ளையாய் ஒட்டும் மாவுப்பூச்சிகளில் ஒரு வகையின் உடலுக்குள் ஒரு பாக்டீரியாவும், அந்த பாக்டீரியாவுக்குள்ளேயே வேறொரு பாக்டீரியாவும் குடியிருக்கின்றன. குவாங் ஜியோன் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் வளர்த்த அமீபாக்களை 1966-இல் ஒரு பாக்டீரியா தொற்றிப் பெரும்பாலானவற்றைக் கொன்றது. தப்பிய அமீபாக்களின் வாரிசுகளோ சில ஆண்டுகளில், அந்த பாக்டீரியா இல்லாமல் உயிர்வாழ முடியாத நிலைக்கு வந்துவிட்டன. மார்குலிஸின் வேறொரு கருத்தையும் இங்கே சொல்ல வேண்டும். செல்லின் கசையிழைகளும் பாக்டீரியாவிலிருந்து வந்தவை என்று அவர் கடைசிவரை வாதாடினார். அங்கே டிஎன்ஏ இல்லை, பாக்டீரியா வம்சத்து மரபணுத் தடமும் இல்லை; அது நிற்கவில்லை. மைட்டோகாண்ட்ரியா தேறிய அதே சோதனையில் கசையிழை தோற்றது என்பதால்தான் அந்தச் சோதனையை நம்பலாம் என்கிறேன்.

மைட்டோகாண்ட்ரியாவின் மூதாதை குடிபுகுந்தது சுமார் 150 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று கணிக்கிறார்கள். அந்தப் பூர்வீகம் இன்றும் மருத்துவமனையில் வந்து நிற்கிறது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின், கடுமையான தொற்றுகளுக்கு ஜென்டாமைசின் என்று ஊசியாகப் போடப்படும் மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்துக் கெடுப்பவை. மனித மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் காலப்போக்கில் கொஞ்சம் மாறியிருப்பதால் அவை அதை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. சிலருக்கு மட்டும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ-வின் 1,555-ஆவது இடத்தில் ஓர் எழுத்து மாறி, ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஜி வருகிறது. அந்த ஒரே மாற்றத்தில் ரைபோசோம் மீண்டும் பாக்டீரியாவின் சாயலுக்குத் திரும்புகிறது, மருந்து அதில் ஒட்டிக்கொள்கிறது, உட்காதின் நுண்செல்கள் மடிந்து கேட்கும் திறன் நிரந்தரமாகப் போய்விடுகிறது. இதை 1993-இல் கண்டறிந்தார்கள். விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியா கருவில் அழிக்கப்பட்டுவிடுவதால் இந்த மாற்றம் தாய்வழியாக மட்டுமே வரும். இந்த வகை ஊசி போட வேண்டி வந்தால், தாய், தாய்மாமன், பெரியம்மா, சித்தி, அம்மாவைப் பெற்ற பாட்டி என்று அந்த வழியில் யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது கேளாமல் போனதுண்டா என்று வீட்டில் விசாரித்து, மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாற்று மருந்து கொடுக்கலாமா என்று அவர் முடிவு செய்ய அந்தத் தகவல் உதவும்.