இடது கையும் நம் கைதான்

மழைக்காலத்தில் மலையில் கால் சறுக்கி விழுவது நமக்குப் புதிதல்ல. விழும்போது கையை ஊன்றுவோம். உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கி எலும்பு முறிந்துவிடும். அப்படித்தான் ஒரு அக்காவுக்கு வலது கையில் கட்டுப் போட்டார்கள். ஆறு கிழமைக்குக் கட்டு அவிழ்க்கக் கூடாது.

"இனி நான் எப்படி ரொட்டி தட்டுறது? சின்னவளுக்கு எப்படித் தலை சீவுறது?" என்று அழுதார்.

"ஏன் புள்ள, இன்னொரு கை இருக்குதில்ல?" என்றார் மாமியார்.

இன்றைய பாடம் அந்த இன்னொரு கையைப் பற்றியது.

ஏன் தடுமாறுகிறது?

பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் வலது கைக்காரர்கள். நமது மூளையின் வலது பக்கம் இடது கையை இயக்குகிறது. அந்தக் கைக்கு எந்த வேலையைக் கொடுத்துப் பழக்கினோமோ அதை மட்டுமே அது அறியும். கொழுந்து பறிக்கையில் நம் பெண்களின் இடது கை, வலது கைக்குச் சமமாக ஓடுகிறது. நாள்தோறும் பழகியதே காரணம். கரண்டி பிடிக்கப் பழக்கவில்லை, அதனால் தடுமாறுகிறது.

காந்தியடிகள் 1909 நவம்பரில் இலண்டனிலிருந்து தென்னாபிரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது 'இந்திய சுயராஜ்யம்' என்ற நூலை எழுதினார். வலது கை ஓய்ந்தபோது இடது கையால் எழுதினார். அவருக்கு அப்போது வயது 40. ஆகவே வயது ஒரு தடையல்ல.

எப்படிப் பழகுவது?

1. தினம் 10 அல்லது 15 நிமிடம் போதும். கை களைத்தால் நிறுத்துங்கள்.

2. முதல் கிழமை ஆபத்தில்லாத வேலைகள்: பல் துலக்குதல், தலை சீவுதல், கதவுத் தாழ்ப்பாள் திறத்தல், கரண்டியால் சாப்பிடுதல். தட்டு நழுவாமல் இருக்க அடியில் ஈரத்துணி விரியுங்கள்.

3. உடுத்தும்போது காயப்பட்ட கையை முதலில் சட்டைக்குள் நுழையுங்கள். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுங்கள். தளர்ந்த சட்டை நல்லது.

4. எழுதப் பழக, தாளின் மேல்பக்கத்தை வலப்புறம் சற்றுச் சாய்த்து வையுங்கள். முதலில் கோடு, பிறகு வட்டம், அதன்பின் உங்கள் பெயர். வங்கியில் கையொப்பம் மாறியிருந்தால், காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

5. அரிவாள்மனை, கவ்வாத்துக் கத்தி, கொதிநீர் ஆகியவை கடைசியில்தான். பழகாத கையால் கத்தியைத் தொட்டால் மற்றக் கையும் போகும்.

மறக்கக் கூடாதவை

இடது கை பழகிவிட்டது என்று வலது கையைச் சும்மா போட்டுவிடாதீர்கள். கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டுங்கள். விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, வலி கூடினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாரிசவாதம் வந்தவர்களும் டாக்டர் சொன்னபடி, விழுந்த கைக்குத் தினமும் வேலை கொடுக்க வேண்டும். விடாமல் வேலை கொடுத்தால்தான் அதற்குத் திரும்பும் வாய்ப்பு உண்டு.

வேலை நேரத்தில் பட்ட காயமென்றால், அன்றைக்கே கங்காணியிடம் சொல்லிப் பதிய வையுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இதற்காகவே உள்ளது. பதிவு இல்லாவிட்டால் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

"பீச்சாங்கையாலா?"

இடது கையால் சாப்பிட்டால், ஒரு பொருளைக் கொடுத்தால், நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். அழுக்கைக் கழுவும் கை என்பதே காரணம். அதற்கு மருந்து சவர்க்காரம்தான். நகத்தை வெட்டி, இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் இரண்டும் சுத்தமே. நோயாளி கூனிக்குறுகிப் பட்டினி கிடப்பதைவிட இடது கையால் வயிறாரச் சாப்பிடுவது மேல்.

இடது கைப் பழக்கத்தோடு பிறக்கும் பிள்ளைகளையும் அடித்து மாற்றாதீர்கள். அது குறையல்ல, அவர்களின் இயல்பு.

அந்த அக்காவின் முதல் ரொட்டி இலங்கைப் படம்போல் வந்ததாம். மூன்றாம் கிழமையில் வட்டமாகிவிட்டது. சின்னவளின் பின்னல் மட்டும் கடைசிவரை கோணல்தான். ஆனால் அவள் ஒரு நாளும் தலைவிரி கோலமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை.

வீட்டில் பேசிப் பாருங்கள்

- இன்றிரவு எல்லோரும் இடது கையால் பெயர் எழுதுங்கள். யாருடையது வாசிக்க முடிகிறது?
- வீட்டில் ஒருவருக்குக் கை முடியாமல் போனால், எந்த வேலையை யார் ஏற்பார்கள்?