மருமகளுக்கு, முன்பின் தெரியாத ஓர் அண்ணாவுக்கு எழுதுவது பற்றி

அன்புள்ள மருமகளுக்கு,

"மாமா, ட்ரெயினிங்குக்கு உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று வட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். இருக்கினம். ஆனால் நான் பாலம் கட்டுகிறவன். எனக்குத் தெரிந்தவர்களும் கொங்கிறீற்றும் கம்பியுமாகத் திரிகிறவர்கள்தான். நீ படிப்பது மின்பொறியியல். என் ஆட்களிடம் உன்னை அனுப்பினால், எனக்காக ஒரு மூலையில் இருத்தி, தேத்தண்ணியும் தந்து, கடைசி நாளில் பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்தும் வைத்து அனுப்பிவிடுவார்கள். பயிற்சி முடிந்ததாகக் கணக்கு. உனக்கு ஒன்றும் விளங்கியிராது.

அதனால் பெயர்ப் பட்டியல் அனுப்பாமல் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். தீவுக்குப் போகும் வள்ளத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் வாசி.

தெரிந்தவரைப் பிடித்து முன்னேறுவது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலீசு படித்த யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் மலாயாவுக்குப் போய் ரெயில்வேயிலும் கந்தோர்களிலும் சேர்ந்தார்கள். ஒருவர் போய் வேலையில் நிலைத்ததும் தம்பிக்குக் கடிதம் போடுவார், தம்பி மச்சானைக் கூப்பிடுவார். அப்படிப் போனவர்கள்தான் பிறகு 'மலாயன் பென்சனியர்' என்று ஊரில் கல்வீடு கட்டினார்கள். தீவுப் பகுதியார் கொழும்பிலும் தெற்கிலும் கடை போட்டதும் இதே வழியில்தான். ஊர்ப் பெடியன் ஒருவன் கடைக்கு வந்து கல்லாவுக்குப் பின்னால் நின்று பழகுவான், சில வருடத்தில் தனிக்கடை போடுவான், அவன் ஊரிலிருந்து இன்னொருவனைக் கூட்டிவருவான். எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஏற்பாடு இது, குறை சொல்லமாட்டேன். ஆனால் கடைக்காரர் கூப்பிட்டவர் கடைக்காரரானார், கிளார்க் கூப்பிட்டவர் கிளார்க்கானார். பாலம் கட்டும் மாமனிடம் கேட்டால் நீயும் பாலத்தடியில்தான் வந்து நிற்பாய்.

தெரிந்தவர் மூலம் வேலை கிடைப்பதை ஆராய்ந்து எழுதியவர் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். மசாசூசெட்ஸில் நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறிய உத்தியோகத்தர்களிடம் போய், யார் மூலம் வேலை கிடைத்தது என்று விசாரித்தார். 1973இல் வெளியான அவருடைய கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அடிக்கடி சந்திக்கும் ஒருவரால் பெற்றவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர் மட்டும். மற்ற எல்லோருக்கும் தகவல் வந்தது எப்போதாவது காண்கிற, சில வேளை மறந்தே போயிருந்த ஒருவரிடமிருந்து. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும், எட்ட இருப்பவருக்கு வேறு ஏதாவது தெரிந்திருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2022இல், லிங்க்ட்இன் பாவிக்கும் இரண்டு கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வொன்று சயன்ஸ் சஞ்சிகையில் வந்தது. அது கணக்கைக் கொஞ்சம் திருத்தியது. முழு அந்நியரால் பெரிய பயன் இல்லை, நெருங்கிய கூட்டாளியாலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், பொதுவாகச் சில பேரை அறிந்த, ஆனால் வேறு வட்டத்தில் இருக்கிறவர்தான் வேலை மாற அதிகம் உதவுகிறார்.

உன் கம்பஸில் உனக்கு முன்னால் படித்துவிட்டு வேலைக்குப் போனவர் சரியாக அந்த நடு இடத்தில் இருக்கிறார். அதே கிளிநொச்சி அறிவியல்நகர் வெயில், அதே லாப், அதே விரிவுரையாளர்கள், ஆனால் இப்போது அவர் இருப்பது வேறு உலகம்.

ஒன்றைக் கவனி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கியது, ஆனால் கிளிநொச்சியில் இருக்கும் உன் பொறியியற் பீடம் இளசு. அதன் பழைய மாணவர்களுக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. முதலாளியோ பணிப்பாளரோ ஆகி உனக்கு வேலை தரும் நிலையில் அவர்களில் பெரும்பாலானோர் இல்லை. ஆனால் உன் இடத்தில் நின்று பயிற்சிக்கு அலைந்த நினைவு அவர்களுக்கு அழியாமல் இருக்கும், உனக்கு இப்போது அதுதான் வேண்டும். அனுபவம் கூடியவர் வேண்டுமென்றால் பேராதனையிலும் மொறட்டுவையிலும் படித்த மூத்த ஆட்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் உன் கம்பஸ் இல்லைத்தான், ஆனாலும் நாட்டுக்காரர்.

உன் பட்சிலேயே குருநாகலிலிருந்தும் காலியிலிருந்தும் வந்த சிங்களப் பிள்ளைகள் எத்தனை பேர்! கன்ரீனில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மேசை, அவர்கள் ஒரு மேசை என்று இருந்துவிட்டு, பிறகு கொழும்பில் ஒருவரையும் தெரியாது என்று கவலைப்படுவது நியாயமில்லை. கொழும்பில் நல்ல இடங்களில் பயிற்சி எடுத்த சீனியரின் நம்பர் அந்த மேசையில் கிடைக்கும்.

இனி நீ எழுதாமல் விட்ட, ஆனால் உன் மனதில் இருக்கும் கேள்வி. 'நான் எழுவைதீவுப் பெட்டை, என்னட்டை என்ன இருக்கு, ஏன் ஒருத்தர் எனக்காக நேரம் ஒதுக்கவேணும்?'

உன்னிடம் ஒரு மின்நிலையம் இருக்கிறது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் தீவு டீசலை மட்டும் நம்பிக் கிடந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு மின்சார சபை அங்கே சோலாரும் காற்றாலையும் பற்றரியும் டீசலும் ஒன்றாகச் சேர்ந்து ஓடும் கலப்பு மின்நிலையத்தை அமைத்தது. நடந்தே சுற்றிவரக்கூடிய ஒரு தீவில் அது இருக்கிறது. பக்கத்து அனலைதீவுக்கும் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இதே மாதிரித் திட்டம் முதலில் சீன நிறுவனமொன்றுக்குப் போய், இந்தியா எதிர்ப்புத் தெரிவித்து, கடைசியில் 2024 மார்ச்சில் இந்தியா தந்த 11 மில்லியன் டொலர் நன்கொடையோடு பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தமானது. அந்த இழுபறியைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எழுதினவர்கள் குறைவு.

அந்த உள்விஷயம்தான் உன் துறை. பெரிய வலையமைப்பில் ஒரு முகில் சூரியனை மறைத்தால் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் தீவில் ஒரு முகில் கடந்தால் பற்றரி உடனே கைகொடுக்கவேணும், இல்லாவிட்டால் ஐம்பது ஹேர்ட்ஸ் ஆடும். டீசல் ஜெனரேற்றரை மிகக் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடவிட்டால் எரியாத எண்ணெயும் கரியும் உள்ளே படிந்து எஞ்சின் கெடும். அதனால் எப்போது அதை எழுப்புவது, எப்போது நிறுத்துவது என்பது தலைவலி பிடித்த முடிவு. சோளகக் காலத்தில் காற்று அடிக்கும், ஆனால் உப்புக் காற்று, இரும்பைத் தின்னும். கனடாவின் வடக்கே நுனாவுட்டில் ஊருக்கு ஒரு டீசல் மின்நிலையம், ஒன்றை ஒன்று இணைக்கும் கம்பி கிடையாது. டாஸ்மேனியாவுக்கு வடமேற்கே கிங் தீவில் காற்றும் சூரியனும் பற்றரியும் டீசலும் சேர்ந்து ஓடுகின்றன. இந்த மாதிரி இடங்களுக்காக வேலை செய்யும் பொறியியலாளர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். கணினியில் வரைபடமாக அவர்கள் காண்பது உனக்கு வேலிக்கு அப்பால் நிற்கிறது. நீ அவர்களிடம் வெறுங்கையோடு போகவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அங்கே வேலை செய்கிறவரிடம் போய்க் கதை. பொறுப்பானவரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போ. பற்றரி எத்தனை மணிக்கு நிரம்புகிறது, பின்னேரம் எல்லா வீட்டிலும் லைற் எரியத் தொடங்கும்போது எத்தனை மணிக்கு டீசல் எழும்புகிறது, எந்த உதிரிப்பாகம் வர மாதக்கணக்கு ஆகிறது என்று கேட்டுக் கொப்பியில் எழுது. பிறகுதான் லிங்க்ட்இன்னைத் திற.

இப்போது எழுதும் விதம். எனக்கு வரும் செய்திகளில் அனேகமானவை இப்படி இருக்கும்: "வணக்கம் சேர், நான் பொறியியல் மாணவன், தயவுசெய்து எனக்கு ஒரு வேலை எடுத்துத் தரவும், சிவி இணைத்துள்ளேன்." பிள்ளையில் பிழை இல்லை, அவசரம். ஆனால் இதற்கு நான் என்ன பதில் எழுதலாம்? வேலை என் சட்டைப்பையில் இல்லை. 'இல்லை' என்று எழுத மனம் வராது, பிறகு பார்ப்போம் என்று விட்டால் அது அப்படியே அடியில் போய்விடும். பதில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் திமிர் இல்லை, இந்தச் சங்கடம்தான்.

நீ இப்படி எழுதிப்பார். இங்கிலீசில் எழுது, ஆனால் நினைப்பு இதுவாக இருக்கட்டும்:

"வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் மின்பிரிவில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். சொந்த ஊர் எழுவைதீவு. எங்கள் தீவின் மின்நிலையத்தில் சோலார், காற்றாலை, பற்றரி, டீசல் நாலும் சேர்ந்து ஓடுகின்றன. நீங்கள் தொலைவான ஊர்களின் மின்வழங்கலில் வேலை செய்வதாகக் கண்டேன். டீசலை நிறுத்தும் நேரத்தை உங்கள் இடத்தில் யார், எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்று அறிய ஆசை. சனிக்கிழமை இருபது நிமிடம் கதைக்க முடியுமா? நேரமில்லை என்றால் இரண்டு வரி எழுதினாலும் எனக்குப் பெரிய உதவி."

இதில் வேலை கேட்கவில்லை என்பதைப் பார். பதில் சொல்ல அவருக்கு வழி இருக்கிறது, அதுவும் அவருக்குப் பிடித்த விஷயத்தில்.

எப்படிக் கூப்பிடுவது என்று முழுசாதே. முதல் கடிதத்தில் திரு அல்லது திருமதி போட்டு முழுப்பெயர் எழுது. அவரே "அண்ணா எண்டு சொல்லும்" என்பார், பிறகு அண்ணாதான். பகிடிவதைக் காலத்தில் சீனியருக்கு முன்னால் கூனிக்குறுகி நின்ற பழக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவராதே. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது, ஆனால் அந்தக் கூன் இன்னும் பல பிள்ளைகளின் எழுத்தில் கிடக்கிறது. மரியாதை வேறு, நடுக்கம் வேறு.

நேரக் கணக்கை நீயே பார்த்து எழுது, அவரைப் பார்க்க வைக்காதே. ரொறன்ரோ கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், மாரியில் பத்தரை. லண்டன் நாலரை, ஐந்தரை. மெல்பேர்ண் இலங்கைக்கு முன்னால். ரொறன்ரோக்காரரின் சனி காலை கோடையில் உனக்குப் பின்னேரம் ஆறரை ஏழு, இரண்டு பேருக்கும் தோதான நேரம். வீட்டுக்குள் சிக்னல் விழுந்தெழும்பும் என்று சொன்னாய், அதனால் வீடியோவை நிறுத்திக் குரலில் மட்டும் கதைக்கலாமா என்று தொடக்கத்திலேயே கேள். 2020இல் கொரோனாவுக்குக் கம்பஸ் பூட்டி, பல்கலைக்கழகங்களின் லேர்ண் வலையமைப்பில் சூம் வகுப்பு நடந்த காலத்திலிருந்து இதெல்லாம் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஒருவரும் குறையாக எடுக்கமாட்டார்கள்.

கதைக்கும்போது "உங்கள் துறையில் எதிர்காலம் எப்படி?" என்று கேட்காதே. எல்லோரும் மேடைப் பேச்சுத்தான் தருவார்கள். "போன செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போய் முதலில் என்ன செய்தீர்கள்?" என்று கேள். எந்த மென்பொருளைத் திறந்தார், யாரோடு சண்டை பிடித்தார், எந்த அறிக்கைக்காக மூன்று நாள் போனது என்று எல்லாம் வரும். கம்பஸில் படித்த எது உதவியது, எதை வேலையில்தான் படித்தீர்கள் என்று அடுத்து கேள். கூகிளில் ஐந்து நிமிடத்தில் கிடைப்பதைக் கேட்டு அவருடைய இருபது நிமிடத்தைக் கரைக்காதே. இருபதாவது நிமிடத்தில் நீயே "நேரம் முடியுது அண்ணா" என்று சொல். கதை பிடித்திருந்தால் அவரே நீட்டுவார். முடிக்கும் முன் ஒன்று கேள்: "இதைப் பற்றி நான் வேறு ஆரோடு கதைச்சால் நல்லது?" அந்தப் பெயர்தான் உன் அடுத்த கடிதம். பயிற்சி இடங்கள் அனேகமாக இப்படி இரண்டாம் மூன்றாம் ஆளிடமிருந்துதான் வெளியே வரும், அப்போது உன்னைச் சிபாரிசு செய்யச் சொல்லி நீ கேட்கவும் தேவையிராது.

கதைத்த அன்றே ஒரு நன்றி வரி எழுது. அதை எல்லோரும் செய்வார்கள். இரண்டு மாதம் கழித்து, "நீங்கள் சொன்ன மென்பொருளைப் பழகினேன், எங்கள் தீவின் சுமைக் கணக்கை அதில் போட்டுப் பார்த்தேன், இந்த இடத்தில் நின்றுவிட்டது" என்று எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. எனக்கு அப்படி எழுதும் பிள்ளை ஒன்று இருந்தால் அந்தப் பிள்ளையின் பெயர் எனக்கு மறக்காது. ஊரைவிட்டு வந்தவனுக்கு, தான் சொன்ன ஒரு சொல் அங்கே ஏதோ ஒரு மேசையில் வேலை செய்கிறது என்று கேள்விப்படுவது பெரிய விஷயம், மருமகள். ஊர்ச் சங்கத்துக்குக் காசு கட்டுவதில் இந்தத் திருப்தி கிடைப்பதில்லை. சங்கத்துக்காரர் இதை வாசித்தால் என்னோடு கோபிப்பார்கள்.

பத்துப் பேருக்கு எழுதினால் பாதிப் பேர்கூடப் பதில் போடமாட்டார்கள். இரண்டு கிழமை பொறுத்து ஒரு முறை நினைவூட்டு, அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடு.

எச்சரிக்கை ஒன்று. பதில் போடாதவரால் ஆபத்தில்லை, நீ கேளாமலே தேடி வந்து வேலை தருகிறவரால்தான் ஆபத்து. தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரில் மியாவதியின் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டு, 2024இல் கட்டம் கட்டமாக மீட்கப்பட்டார்கள். காசு கேட்டால், பாஸ்போர்ட் பிரதி கேட்டால், "ஆருக்கும் சொல்லாதையும்" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்து. வெளிநாட்டு வேலை என்றால் முகவர் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தவரா என்று பார். பழைய மாணவர் என்று சொல்லிக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு வீடியோ கோல் எடுக்கிறவருக்கு நீ பதில் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை. பிளாக் பண்ணிவிட்டு உன் பட்ச் பெட்டைகளுக்கும் சொல்லிவை.

கம்பஸில் தொழில் வழிகாட்டல் அலகு இருக்கிறது, போய்ப் பழைய மாணவர் விபரம் கேள். எனக்குத் தெரிந்த மின்பொறியியலாளர் ஒருவர் ஒட்டாவாவில் இருக்கிறார், பேராதனையில் படித்தவர், வடக்கு ஊர்களின் மின்நிலையங்களோடுதான் வேலை. அவருடைய மின்னஞ்சலை அவரிடம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன். நீ எழுதுவதை எனக்குக் காட்டவேண்டாம், நான் திருத்தினால் அது என் கடிதமாகிவிடும். ஆனால் மின்நிலையத்துக்குப் போனால், வாடைக் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் டீசல் எரிகிறது, சோளகத்தில் எத்தனை என்று கேட்டு எனக்கும் எழுது. ஒட்டாவாக்காரர் என்னிடம் கேட்டார், என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா