எத்தனை லிட்டர் என்பது இரண்டாவது கேள்வி



ஏரிக்கரைச் சாலையில் டேங்கர் லாரி கவிழ்ந்துவிட்டது என்று போன் வந்ததும் எல்லோரும் கேட்பது, ‘எத்தனை லிட்டர்?’ நீங்கள் முதலில் கேளுங்கள்: ‘என்ன எண்ணெய்?’ லிட்டர் கணக்கை மறுநாள்கூடத் திருத்திக்கொள்ளலாம். எண்ணெய் இன்னதென்று தெரியாமல் செய்த வேலையைத் திருத்துவது கடினம். டீசல் என்றால் மிதவை வேலியால் வளைத்து, உறிஞ்சும் விரிப்புகளால் ஒற்றி எடுக்கலாம். பெட்ரோலை அப்படி வளைத்தால் ஆவியும் அங்கேயே தேங்கும். தீப்பிடிக்க ஒரு பம்பு செட்டின் பொறி போதும். பெரும்பாலும் ஆட்களை விலக்கி, அதை ஆவியாகிப் போக விடுவதுதான் சரி. 2013 ஜூலையில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், காட்டுத்தீ அணைக்கும் ஹெலிகாப்டர்களுக்கு எரிபொருள் கொண்டுபோன லாரி லெமன் கிரீக் ஓடையில் கவிழ்ந்தது. கொட்டியது சுமார் 33,000 லிட்டர் விமான எரிபொருள். ஆவிக்கு அஞ்சி, ஆற்றோர மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்ற வேண்டியதாயிற்று.

இதற்கு நேர் எதிரான சங்கடம், அதே நாட்டின் ஆல்பர்ட்டாவில் உள்ள வாபமன் ஏரியில் வந்தது. அது ரயில் விபத்து, பாடம் ஒன்றுதான். 2005 ஆகஸ்ட் 3 அன்று 43 பெட்டிகள் தடம்புரண்டு, சுமார் 7 லட்சம் லிட்டர் கெட்டியான பங்கர் எண்ணெய் கொட்டியது. அதில் ஒரு பகுதி ஏரிக்குள் இறங்கியது. மண்ணும் நாணல் குப்பையும் ஒட்டிக்கொள்ள, அது தார் உருண்டைகளாகி அமிழ்ந்தது. மேலே மிதக்கும் வேலி, அடியில் கிடப்பதை என்ன செய்யும்? மரக்கம்பங்களுக்கு ஊட்டும் எண்ணெயும் கூடவே கொட்டியிருக்கிறது என்பதோ சில நாள் கழித்துத்தான் வெளியே வந்தது.

பெயரைத் தேடிக்கொண்டு நிற்கையில் எண்ணெய் ஏரிக்குள் ஓடிவிடாதா என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெயரை அறிய ஒரு நிமிடம் போதும்: காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, லாரியின் அபாயப் பலகையை பைனாகுலரில் பாருங்கள். அந்த நேரத்திலேயே, ஆவி எட்டாத தொலைவில், ஏரிக்குப் போகும் வரத்துக்காலை ஜேசிபியால் மண் போட்டு மறிக்கச் சொல்லலாம். மண்ணோடு ஒரு குழாயைச் சாய்த்துப் பதியுங்கள்: நீர் வரும் பக்கத்து வாய் தாழ்ந்தும், மறுபக்கத்து வாய் உயர்ந்தும் இருக்கட்டும். அடிநீர் கடந்துபோகும், எண்ணெய் மேலே நின்றுவிடும். சோப்புத் தண்ணீர் அடித்தால் மறைந்துவிடுமே என்று யாராவது அவசியம் சொல்வார். மறைவது கண்ணுக்கு மட்டும். கரைந்த எண்ணெய் மீனுக்கும் குடிநீருக்கும் போய்ச் சேரும். வானவில் நிறத்தைப் பார்த்தும் மிரள வேண்டாம். ஒரு மைக்ரான் படலமாக விரிந்தால் ஒரு லிட்டரே 1,000 சதுர மீட்டரை மூடிவிடும். கருத்துத் தடித்த திட்டு எங்கே என்று தேடுங்கள். அள்ள வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

அபாயப் பலகையில் பார்க்க வேண்டிய எண்கள் இவை: 1202 டீசல், 1203 பெட்ரோல், 1223 மண்ணெண்ணெய், 1863 விமான எரிபொருள். இந்த நான்கையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். பலகை லாரிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தால், டிரைவரிடம் ட்ரெம் கார்டை, அதாவது சரக்கின் விவரம் எழுதிய அவசர அட்டையை, கேட்டு வாங்குங்கள்.