பணிநெறிப் படம்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், செங்கற்பட்டுக்குச் சிறிது வடக்கே அமைந்த ஊர் சிங்கப்பெருமாள் கோயில். ஊருக்குப் பெயர் தந்த கோயில் ஒரு சிறு குன்றைக் குடைந்து அமைத்ததாகும். நரசிங்கப் பெருமாள் வீற்றிருக்கும் கருவறை குன்றோடு ஒன்றாயிருத்தலால், பெருமாளை வலம்வர விரும்புவோர் குன்றையே சுற்றிவருதல் வேண்டும். புதிதாக வந்தவரும் இங்கு வழி தடுமாறுவதில்லை. முன்னே செல்வோரைப் பின்பற்றி நடந்தாற் போதும். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வர்.

கோயிலை வலம்வரும் வழி கண்ணுக்குத் தெரிகிறது. அலுவலகத்திற் கொடுத்த விண்ணப்பம் ஒன்று நடந்து செல்லும் வழியோ, கொடுத்தவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இவ்வூரில் வாழும் மாணவி ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பிற் தேறிப் பொறியியற் கல்லூரியிற் சேர விரும்புகின்றாள் என்று கொள்க. அவள் குடும்பத்தில் அதுகாறும் எவரும் பட்டம் பெற்றதில்லை. அத்தகையோர் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே தொழிற்கல்லூரியிற் சேருங்கால், அவர்தம் கற்பிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இச்சலுகையைப் பெற ‘முதல் பட்டதாரிச் சான்றிதழ்’ வேண்டும். கலந்தாய்வு நாளோ எவர்க்காகவும் காத்திராது. மாணவி இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தைப் பதிந்துவிட்டு வீடு திரும்புகிறாள். அதன்பின் ஒவ்வொரு நாளும் அவள் தந்தை, “எங்கள் மனு இப்போது யாரிடம் இருக்கிறது, ஐயா?” என்று கேட்டுக்கொண்டு நிற்பதும், “வந்துவிடும், போய் வாருங்கள்” என்னும் விடையைப் பெற்று மீள்வதும், அலுவலக வாயில்களில் நெடுங்காலமாக வழங்கிவந்த காட்சியேயாம். விடை கூறியவர் பொய் கூறினார் என்று கொள்ளுதல் வேண்டா. தம் மேசைக்கு வருமுன்னும், தம் மேசையை விட்டுச் சென்ற பின்னும் அத்தாள் என்னவாயிற்று என்பதை அவரும் அறியார்.

ஒரு பணி எங்குத் தொடங்கி, எவர் எவர் கைப்பட்டு, எங்கெங்கே நின்று, எவ்வாறு முடிகிறது என்பதைப் படமாக வரைந்துவிட்டால் இவ்விருள் நீங்கும் என்று கண்டவர்களுள் முதன்மையானோர், அமெரிக்க நாட்டினராகிய பிராங்கு கில்பிரெத்தும் அவர் மனைவியார் லில்லியன் அம்மையாரும் ஆவர். கில்பிரெத் இளமையிற் கொத்தனார் வேலை பயின்றவர். ஒரு செங்கல்லை எடுத்துச் சுவரில் வைக்கக் கொத்தனார் செய்யும் அசைவுகளை அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். அவை 18 என்று கண்டார். செங்கல்லும் சாந்தும் வைக்கும் தட்டு, சுவரோடு ஒத்து உயருமாறு சாரத்தை அமைத்தார். கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து நிமிரும் துன்பம் ஒழிந்தது. அசைவுகள் ஐந்தாகக் குறைந்தன. (செங்கல்லைப் பற்றிப் பேசும் இவ்விடத்தில் ஒன்று கூறலாம்: செங்கற்பட்டு என்னும் பெயர் செங்கல்லால் வந்ததன்று, செங்கழுநீர்ப்பட்டு என்பதன் மரூஉ என்பர்.) பின்னர், 1921ஆம் ஆண்டில், இயந்திரப் பொறியாளர் சங்கக் கூட்டத்தில், எத்தொழிலின் நடையையும் சிறு சிறு குறிகளால் தாளில் வரைந்து காட்டும் முறையை அவ்விருவரும் வெளியிட்டனர்.

தொழிற்சாலைக்கென எழுந்த அம்முறை, நாளடைவில் வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் முதலிய சேவை நிலையங்களுக்கும் வந்தது. கணிப்பொறி வந்தபின் அப்படங்களை வரைதற்கென்றே மென்பொருள்கள் எழுந்தன. நிறுவனந்தோறும் குறிகள் வேறுபட்டமையால், ஒருவர் வரைந்ததை மற்றொருவர் படிக்க இயலாத இடர்ப்பாடு தோன்றியது. ஆகவே உலகத்தார் அனைவர்க்கும் பொதுவான குறிமுறை ஒன்று 2004ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றது. 2011இல் விரிவாகத் திருத்தப்பெற்று, 2013இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. ‘பி.பி.எம்.என்.’ என்னும் எழுத்துகளால் அதனை அழைப்பர். தமிழில் அதனைப் பணிநெறிக் குறிமுறை எனலாம். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வடக்கே, கூடுவாஞ்சேரிப் பக்கத்தில் தலைமையிடம் கொண்ட சோகோ நிறுவனமும் பணியின் நடையை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்களை ஆக்கி உலகெங்கும் வழங்குகிறது.

குறிமுறை கடினமானதன்று. மெல்லிய கோட்டால் வரைந்த வட்டம் பணியின் தொடக்கம். தடித்த கோட்டால் வரைந்த வட்டம் முடிவு. முனை மழுங்கிய நீள்சதுரம் ஒரு வேலையைக் குறிக்கும். சாய்சதுரம் வழி பிரியும் இடம். இவற்றை அம்புக்குறிகள் இணைக்கும். படத்தை நீள நீளமான பட்டைகளாகப் பகுத்து, ஒவ்வொரு பட்டைக்கும் ஒருவர் பெயரையோ பதவியையோ எழுதுவர். ஒருவர் செய்யும் வேலை அவர் பட்டைக்குள்ளேயே அமைதல் வேண்டும்.

மேற்கூறிய மாணவியின் விண்ணப்பத்தை இவ்வாறு வரைந்து பார்க்கலாம். முதற் பட்டை மாணவியுடையது. அடுத்தது இ-சேவை மையம். மூன்றாவது கிராம நிர்வாக அலுவலர். நான்காவது வருவாய் ஆய்வாளர். ஐந்தாவது வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்பமிடும் அலுவலர். வட்டம் முதற் பட்டையில் தொடங்குகிறது. அம்பு மையத்துக்குச் சென்று, சான்றுகள் பதிவாகி, கிராம நிர்வாக அலுவலரிடம் செல்கிறது. குடும்பத்தில் உண்மையாகவே பட்டம் பெற்றவர் இலரோ என்று அவர் உசாவி அறிகிறார். அவரது அறிக்கை வருவாய் ஆய்வாளரிடமும், ஆய்வாளரின் பரிந்துரை மேலலுவலரிடமும் செல்கின்றன. மேலலுவலர் மின்னொப்பம் இட்டவுடன், மாணவியின் கைபேசிக்குச் செய்தி வருகிறது.

இவ்வளவும் ஏற்கெனவே நடைபெறுவனதாமே, படம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். வரையத் தொடங்கினாலன்றி அதன் பயன் விளங்காது. ஓர் அலுவலகத்தாரை அழைத்து, “நீங்கள் செய்வதை அப்படியே கூறுங்கள்” என்று கேட்டால், ஒவ்வொருவரும் விதிநூலில் உள்ளதைக் கூறுவர். அருகில் அமர்ந்து ஒருநாள் முழுதும் நோக்கினால் விதிநூலில் இல்லாதவை பல வெளிப்படும். ஒரே பெயரையும் முகவரியையும் மூன்று மேசைகளில் மூவர் எழுதுதல் கூடும். எவரும் எழுதச் சொல்லாத குறிப்பேடு ஒன்றைக் கடைநிலை ஊழியர் ஒருவர் வைத்திருத்தலும், அஃது இல்லையேல் அலுவலகமே நின்றுபோதலும் கூடும். எல்லாவற்றினும் மேலாக, காத்திருப்பு வெளிப்படும். செய்யும் வேலை ஒரு நாழிகைக்கும் குறைவாகவும், ஒரு பட்டையிலிருந்து மற்றொரு பட்டைக்குத் தாண்டும் அம்பு பல நாள் நீண்டதாகவும் இருப்பதைப் படம் மறைக்காது காட்டிவிடும். காலத்தாழ்வு பெரும்பாலும் வேலையில் இல்லை, கைமாறும் இடத்தில் இருக்கிறது என்பதே இத்துறையில் வல்லார் பலரும் திரும்பத் திரும்பக் கண்டதாம்.

படம் செம்மையான பின்னர் அதனை மென்பொருளிடம் ஒப்படைக்கின்றனர். அதன்பின் அஃது ஏட்டுப் படமாக இராமல், வேலையை நடத்தும் மேற்பார்வையாளனாகவே ஆகிவிடுகிறது. ஒருவர் தம் வேலையை முடித்ததும் அடுத்தவர் கணிப்பொறியில் அது தானே தோன்றும். எவரிடம் எத்தனை நாள் தங்கியது என்பது பதிவாகும். சிங்கப்பெருமாள் கோயிலில் கேட்கும் சான்றுகளையே கடற்கரையூராகிய மாமல்லபுரத்திலும் கேட்பர். இங்கு ஒரு வழக்கம், அங்கு ஒரு வழக்கம் என்பது இராது. தெரிந்தவர் என்பதற்காக ஒருவர் மனு முன்னே செல்லுதலும், தெரியாதவர் என்பதற்காக மற்றொருவர் மனு அடியில் கிடத்தலும் அரிதாகும். ஏழைக்கு இதனால் விளையும் நன்மை சிறிதன்று.

ஆயினும் ஓர் இடரும் இதில் உண்டு. சாய்சதுரத்திலிருந்து பிரியும் கிளைகள் எத்தனை என்பதை முடிவு செய்பவர் படம் வரைபவர். ‘தந்தையின் சான்று உண்டு’ என்றால் மேலே செல்க, ‘இல்லை’ என்றால் திருப்புக என இரண்டே கிளைகளை அவர் வரைந்துவிட்டால், தந்தை குடும்பத்தை விட்டு நீங்கி எங்குளார் என்றே அறியப்படாத மாணவியின் நிலை யாது? பழைய எழுத்தர் கண்டிப்பானவராயினும், அவள் முகத்தைப் பார்த்து, “நீ அமரம்மா, பெரியவரிடம் கேட்டு வருகிறேன்” என்று எழுந்து செல்லுதல் கூடும். கணிப்பொறி எழுந்து செல்லாது. வரையாத கிளை அதற்கு இல்லாத கிளையே. கணவரால் கைவிடப்பட்ட மகளிர்க்கெனத் தனிச் சான்றிதழ் ஒன்றைத் தமிழ்நாட்டு வருவாய்த் துறை வழங்கிவருவது, இத்தகையோர்க்கும் ஒரு கிளை வேண்டும் என்பதை உணர்ந்தமையாலேயாம். எனவே படம் வரைபவர், மேசைக்குப் பின் அமர்ந்தவரை மட்டும் கேட்டல் போதாது. மேசைக்கு முன் நின்று வெறுங்கையோடு திரும்பியவரையும் கேட்டல் வேண்டும்.

இதனை ஓரளவு செவ்விதாகச் செய்த பெரும்பணி, கடவுச்சீட்டு வழங்கும் பணியாகும். சிங்கப்பெருமாள் கோயிலில் மின்சார இரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்குவோர் அங்குள்ள சேவை மையத்தில் இதனைக் காணலாம். முதற் பகுதியில் சான்றுகளைப் பதிந்து, நிழற்படமும் விரல்ரேகையும் எடுப்பவர், டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்தின் ஊழியர். இரண்டாம் பகுதியில் மூலச் சான்றுகளைச் சரிபார்ப்பவரும், மூன்றாம் பகுதியில் கடவுச்சீட்டு வழங்கலாமா என்று முடிவு செய்பவரும் அரசு அலுவலர். எது தனியாரிடம் விடத்தக்கது, எது அரசின் கையை விட்டு நீங்கலாகாதது என்னும் எல்லைக்கோடு, பட்டைகளைப் பிரித்த அப்பொழுதே வரையப்பட்டுவிட்டது. கருநாடகத்தில் 2010ஆம் ஆண்டில் சோதனையாகத் தொடங்கிய இம்முறை, 2012இல் நாடெங்கும் 77 மையங்களில் பரவியது. பலகையில் தம் எண் ஒளிர்வதைப் பார்த்து எழுந்து செல்வோர், எவரிடமும் சென்று இரந்து நிற்க வேண்டுவதில்லை.

பணியின் ஒழுங்கை எழுதிப் பலரறிய வைக்கும் வழக்கம் இந்நிலப்பகுதிக்குப் புதியதன்று. முன்பு செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சார்ந்துள்ள உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன, ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டினது, மற்றொன்று 921ஆம் ஆண்டினது. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் நெறியை அவை கூறுகின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடும்புவாரியாகக் கட்டுதல். இளையோரும் முதியோரும் கூடிய சபையில் குடத்தை யாவரும் காணத் தூக்கிக் காட்டுதல். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தல். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்றல். அவன் வாசித்த பெயரை மற்றையோரும் வாசித்தல் என ஒன்றன்பின் ஒன்றாகப் படிகள் வகுக்கப்பட்டுள்ளன. விரிந்த கையில் வேறோர் ஓலையை மறைக்க இயலாதன்றோ? அஞ்சத்தக்க பிழை எந்தப் படியில் நுழையும் என்பதை முன்னரே எண்ணி, அந்தப் படியிலேயே காவல் வைத்திருக்கின்றனர். அவ்வூர் பிரமதேயம்; இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையார்க்கே அவ்வுரிமை இருந்தது. ஆதலின் இக்காலக் குடியாட்சியோடு அதனை ஒப்பிடுதல் பொருந்தாது. நெறியை வகுத்த நுட்பம் மட்டுமே இங்குக் கருதத்தக்கது.

இரண்டு கல்வெட்டுகள் ஏன் வேண்டின என்பதும் நோக்கத்தக்கது. முதற் கல்வெட்டு, உறுப்பினர் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றது. ஈராண்டுகள் அதன்படி நடந்து பார்த்தபின், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என மாற்றி, தகுதியற்றார் இன்னின்னார் என்பதையும் மேலும் விரிவாக எழுதினர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர், அவர்தம் நெருங்கிய உறவினர் ஆகியோர் பெயர் குடத்தில் இடப்படலாகாது என்றனர். கல்லில் வெட்டியது ஆயிற்றே என்று பழையதைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. முதலில் எழுதியதை அழித்துவிடவும் இல்லை. இரண்டும் இன்று வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ளன. செங்கற்பட்டிலிருந்து உத்தரமேரூருக்குப் பேருந்து செல்கிறது.