காரணிப்படுத்த முடியாது என எப்போது சொல்லலாம்?

நம்மில் பலர் இடைநிலைப்பள்ளிக் கணிதத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ கற்றவர்கள். ஆகவே முதலில் சொற்கள். ய² − 5ய + 6 என்பது ஒரு பல்லுறுப்புக்கோவை. ய தெரியாத எண். இதை (ய − 2)(ய − 3) எனப் பிரிப்பது காரணிப்படுத்தல். 2, 3 ஆகியவற்றை இட்டால் கோவை சுழியமாகும், அவை மூலங்கள்.

ய² − 2 பிரியுமா? பின்னங்களும் முழு எண்களும் அடங்கிய விகிதமுறு எண்களுக்குள் பிரியாது. மெய்யெண்களில் (ய − √2)(ய + √2) எனப் பிரியும். ய² + 1 மெய்யெண்களிலும் பிரியாது, சிக்கலெண்களில் பிரியும். எந்த எண்களுக்குள் என்று சொல்லாமல் ‘முடியாது’ என்பது பாதிப் பதில்தான்.

டியூஷன் நடத்தும் நண்பர்களே, மாணவர்கள் தடுமாறும் இடம் இனிமேல்தான். ‘மூலம் இல்லை, ஆகவே காரணி இல்லை’ என்பது இருபடி, முப்படிக் கோவைகளுக்குச் சரி. அவை பிரிந்தால் ஒரு காரணியாவது ஒருபடியாக இருக்கும்; அது மூலத்தைத் தந்துவிடும். நாற்படியில் இரண்டு இருபடிகளாகப் பிரிய வழியுண்டு. ய⁴ + 4ஐப் பாருங்கள். எந்த மெய்யெண்ணை இட்டாலும் 4க்குக் கீழே இறங்காது, மூலமே இல்லை. ஆனால் 4ய² கூட்டிக் கழித்தால் (ய² + 2)² − (2ய)². அதாவது (ய² + 2ய + 2)(ய² − 2ய + 2). ய = 3 எனில் 85 = 17 × 5.

நுண்கணிதம் கண்ட லைப்னிட்ஸே 1702இல், ய⁴ + 1 போன்றவை மெய்யெண் இருபடிகளாகப் பிரியா என்று கருதினார். இங்கு 2ய² கூட்டிக் கழித்தால் போதும்: (ய² + √2ய + 1)(ய² − √2ய + 1).

√2 வேண்டாமென்றால்? தேடிக் கிடைக்கவில்லை என்பது நிரூபணமாகாது. ஐசென்ஸ்டைன் 1850இல் வெளியிட்ட சோதனை இங்கே உதவும். யவுக்குப் பதில் ய + 1 இடுங்கள்: ய⁴ + 4ய³ + 6ய² + 4ய + 2. முதற்கெழுவைத் தவிர மற்றவை யாவும் இரட்டை எண்கள். இது விகிதமுறு எண்களுக்குள் பிரியுமானால், முழு எண் கெழுக்களுடனேயே பிரியும் (இது காவுஸ் தந்த முடிவு). அப்போது இரு காரணிகளின் கடைசி உறுப்புகளும் இரட்டையாக அமைந்தாக வேண்டும். அவற்றின் பெருக்கற்பலன் 4ஆல் வகுபடும். இங்கே இருப்பதோ வெறும் 2. எனவே பிரியாது.

ய⁴ + ய² + 1 எப்படி? ய² கூட்டிக் கழித்துப் பாருங்கள்.