தாய் வீட்டில் இரண்டு ரக்அத்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

சாத்தூரில் நமக்குப் பழக்கமான ஒரு குடும்பம். மூத்த மகளைக் கோலாலம்பூரில் ஒரு தமிழ் முஸ்லிம் வீட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை மலேசியக் குடிமகன். ஆறு வருடங்களுக்குப் பிறகு அந்தப் பெண் தன் நான்கு வயது மகளுடன் பத்து நாள் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, நாமும் ஒரு வேலையாக அந்த வீட்டிற்குச் செல்ல நேர்ந்தது. தேநீரும் காராசேவும் வந்தன. அவற்றைத் தொடர்ந்து, திரைக்குப் பின்னாலிருந்து அந்தத் தாயின் கேள்வியும் வந்தது.

"ஹஜரத், என் மகள் ளுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழுகிறாள். கேட்டால் நான் முஸாபிர் என்கிறாள். பெற்று வளர்த்த வீட்டிலேயே அவள் வழிப்போக்கியா?"

கேட்கும்போதே அந்த அம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

மகள் செய்தது சரிதான். நம் ஹனஃபி மத்ஹபின்படி ஒரு பெண் மணமாகிக் கணவனுடைய ஊரில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டால் அதுவே அவளுக்குச் சொந்த ஊர், அதாவது வதன் அஸ்லீ. பிறந்த ஊர் சுமார் 77 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, அங்கே பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணத்துடன் வந்தால் அவள் முஸாபிர். ளுஹர், அஸர், இஷா ஆகியவற்றின் பர்ளை இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும். ஸுப்ஹிலும் மஃரிபிலும் மாற்றம் கிடையாது. பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்க நிய்யத் வைத்தால் முழுமையாகத் தொழ வேண்டும். ஷாபிஈ மத்ஹபில், வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க எண்ணினாலே கஸ்ரு கிடையாது. (கணவர் வேலை விசாவில் வளைகுடாவில் இருக்க, கூடப் போயிருக்கும் பெண்களின் நிலை வேறு. அவர்கள் அங்கே நிரந்தரமாகக் குடியேறியவர்கள் அல்லர். அவரவர் ஆலிமிடம் விவரம் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

இதைச் சொன்னதும் திரைக்குப் பின்னால் மௌனம். நாம் இன்னொரு சட்டத்தையும் சொன்னோம். ஊரில் தங்கியிருப்பவரை இமாமாகக் கொண்டு முஸாபிர் தொழுதால் நான்கையும் முழுமையாகத் தொழ வேண்டும். வீட்டில் அத்தா முன்னால் நின்று தொழ வைத்தால், பின்னால் நிற்கும் மகளுக்கும் நான்கு ரக்அத்துதான். அன்று இஷாவுக்கு அந்த வீட்டில் அப்படித்தான் நடந்ததாகப் பிறகு அறிந்தோம்.

ஆனால் அந்தப் பெண்ணின் மனத்தில் இருந்தது ரக்அத் கணக்கு மட்டுமல்ல. "அங்கே நான் இந்தியாக்காரி. இங்கே வந்தால் தெருவில் என்னை மலேசியாக்காரி என்கிறார்கள்" என்றாள். நமக்கு உடனே அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களின் நினைவு வந்தது.

அவர்கள் கணவர் ஜஅஃபர் (ரலி) அவர்களுடன் ஹபஷா நாட்டிற்கு ஹிஜ்ரத் சென்றவர்கள். பேச்சு வேறு, பழக்கவழக்கம் வேறு. அந்தக் கடல் கடந்த நாட்டில்தான் மூன்று ஆண் மக்களைப் பெற்றெடுத்தார்கள். ஹிஜ்ரி 7-இல், கைபர் வெற்றியின்போது, அவர்கள் மதீனா வந்து சேர்ந்தார்கள். ஒருநாள் ஹஃப்ஸா (ரலி) அவர்களின் வீட்டில் இருக்கையில் உமர் (ரலி) அங்கு வந்து, "இவர்தான் அந்த ஹபஷாக்காரப் பெண்ணா?" என்ற கருத்தில் விசாரித்தார்கள். ஹிஜ்ரத்தில் நாங்கள்தாம் முந்தியவர்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். அஸ்மா (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்தது. நீங்கள் நாயகத்துடன் இருந்தீர்கள், உங்களில் பசித்தவருக்கு உணவளிக்கவும் அறியாதவருக்குக் கற்றுத்தரவும் அவர்கள் இருந்தார்கள், நாங்களோ தூரதேசத்தில் கிடந்தோம் என்று பதில் சொன்னதோடு நில்லாமல், நபி (ஸல்) அவர்களிடமே சென்று முறையிட்டார்கள். உமருக்கும் அவருடைய தோழர்களுக்கும் ஒரு ஹிஜ்ரத், கப்பலில் வந்த உங்களுக்கு இரண்டு ஹிஜ்ரத் என்று பெருமானார் (ஸல்) தீர்ப்பளித்தார்கள். கப்பலில் வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக அஸ்மாவிடம் வந்து அந்த வார்த்தையைக் கேட்டுப் போனதாக புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். எத்தனை வருட ஏக்கம் இருந்தால் அப்படி வந்து கேட்பார்கள்!

திருமணத்தால் நாடு மாறுவதும் தீனுக்காக நாடு துறப்பதும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. தூரதேசத்தில் குடும்பம் நடத்திய ஒரு பெண்ணின் தனிமையை நாயகம் (ஸல்) எவ்வளவு மதித்தார்கள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

இதற்கிடையே வீட்டுக்காரர் ஒரு செய்தி சொன்னார். இளைய மகளுக்கும் அதே நாட்டில் சம்பந்தம் பேசுகிறார்களாம். "ஜமாஅத் தப்தரில் எழுதிவிட்டால் போதாதா?" என்றார். போதாது! ஷரீஅத்தில் நிக்காஹ் கூடிவிடும். ஆனால் தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தவரின் திருமணத்தையும் 90 நாட்களுக்குள் அரசிடம் பதிய வேண்டும். கோலாலம்பூரில் நடப்பிலுள்ள 1984-ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டமோ, அங்கு வசிப்பவர் வெளிநாட்டில் செய்த நிக்காஹை ஆறு மாதத்திற்குள் பதியச் சொல்கிறது. இதில் அலட்சியம் காட்டினால் அடிபடுவது குழந்தை. பெற்றோரின் திருமணம் அந்நாட்டுச் சட்டத்தில் செல்லாததாகக் கருதப்பட்டால், தந்தை மலேசியராக இருந்தும் பிள்ளை தாயின் குடியுரிமையையே பின்பற்றும். பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் தொல்லை. அப்படிப்பட்ட பிள்ளையை இந்தியக் குடியாக்க வேண்டுமானால் பிறந்த ஓராண்டுக்குள் நம் தூதரகத்தில் பதிய வேண்டும். கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மஹர் தொகையை நிக்காஹ் மஜ்லிஸில் உரக்கச் சொல்கிறோம். பதிவுச் சீட்டு எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை.

மாப்பிள்ளைமார்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியின் விசா உங்கள் பொறுப்பில் தரப்படுவது. சண்டை வந்தால் அதைக் காட்டி மிரட்டுவது ஆண்மையல்ல. மனைவியுடன் நல்ல முறையில் வாழும்படி சூரா அந்நிஸாவில் அல்லாஹ் கட்டளையிட்டது உள்ளூர்க் கணவன்மார்களுக்கு மட்டும்தானா? ஆறு வருடத்திற்கு ஒருமுறை பத்து நாள் என்பதையும் சற்று யோசித்துப் பாருங்கள்.

நாம் புறப்படும்போது அந்த அம்மா மற்றொரு குறையும் சொன்னார். "பேத்திக்குத் தமிழே சரியாக வரவில்லை. நான் ஒன்று கேட்டால் மலாயில் ஒன்று சொல்கிறது." ஹபஷாவிலிருந்து வந்த இன்னொரு குழந்தையைப் பற்றிச் சொன்னோம். காலிது பின் ஸஈத் (ரலி) அவர்களின் சிறு மகள் உம்மு காலிதுக்கு நாயகம் (ஸல்) தம் கையாலேயே ஒரு கறுப்புத் துணியை அணிவித்தார்கள். அதன் வேலைப்பாட்டைக் காட்டி "ஸனா" என்றார்கள். அழகு என்பதற்கு ஹபஷா மொழிச் சொல் அது. அந்தக் குழந்தைக்குத் தெரிந்த சொல்லால் பேசினார்கள்.

"அழகுக்கு அங்கே என்ன சொல்வார்கள்?" என்று நன்னி மகளிடம் கேட்டார்.

"சாந்திக்."

நன்னி அதை இரண்டு முறை தப்பாகச் சொன்னார். குழந்தை சிரித்துக்கொண்டே திருத்தியது. பிறகு தட்டிலிருந்த காராசேவை எடுத்துக் கடித்துவிட்டு, "உறைக்குது நன்னி" என்று தமிழிலேயே சொன்னது.