உறைகுளிரில் ஒரு நினைவகம்

கணிப்பொறிக்குத் தெரிந்த எண்கள் இரண்டே: 0, 1. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் எதுவும் அதற்கு நினைவகமாகலாம். மின்னோட்டம் செல்லும் பாதையையே அத்தகைய குறியாகக் கொள்ள முடியுமா?

1911-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் காமர்லிங் ஆன்னஸ், பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தார். ஏறத்தாழ 4.2 கெல்வினில், அதாவது -269° செல்சியசில், அதன் மின்தடை திடீரென மறைந்தது. இந்நிலையே மீக்கடத்தல் எனப்படும்.

1950-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டட்லி பக் என்பவர் இதைக் கொண்டு ‘கிரையோட்ரான்’ என்னும் சாவியை அமைத்தார். ஒரு டாண்டலக் கம்பி; அதன்மேல் சுற்றிய நயோபியக் கம்பிச் சுருள். அவ்வளவுதான்!

டாண்டலம் ஏறத்தாழ 4.4 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாகும். திரவ ஹீலியத்தின் வெப்பநிலை அதைவிடச் சற்றே குறைவு. ஆகவே சுருளின் சிறு காந்தப்புலம் பட்டாலும் டாண்டலத்தில் மின்தடை திரும்பிவிடும். நயோபியமோ 9 கெல்வின் வரை மீக்கடத்தி; அதற்கு ஒன்றும் நேராது.

இனி, ஒரு மின்னோட்டத்திற்கு இடம், வலம் என இரு பாதைகள் உள்ளதாகவும், ஒவ்வொன்றிலும் ஒரு கிரையோட்ரான் இருப்பதாகவும் கொள்வோம். இடச் சுருளில் மின்சாரம் செலுத்தினால் இடப்பாதையில் தடை தோன்றும். மின்னோட்டம் முழுவதும் வலப்பாதைக்கு மாறும். பிறகு சுருளின் மின்சாரத்தை நிறுத்துவோம். இடப்பாதையில் இப்போது தடை இல்லை. ஆயினும் மின்னோட்டம் அங்கே திரும்புவதில்லை! ஏன்? வலப்பாதையிலும் தடை இல்லாததால் அதன் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இல்லை. மின்னோட்டத்தைப் பாதை மாற்ற விசை ஏது? வலம் என்றால் 1, இடம் என்றால் 0. எழுதியது அப்படியே நிற்கிறது. இதுதான் நினைவகம்.

எனினும் கம்பியாலான கிரையோட்ரானின் வேகம் குறைவு. டிரான்சிஸ்டர்கள் அதை முந்திவிட்டன. 1962-இல் பிரையன் ஜோசப்சன் கணித்துக் கூறிய ‘ஜோசப்சன் சந்தி’ மிக விரைவான சாவியாயிற்று. ஐ.பி.எம். நிறுவனம் அதைக்கொண்டு கணிப்பொறி செய்ய முயன்று, 1983-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது.

இன்று மீக்கடத்திகளாலான குவாண்டம் கணிப்பொறிகள் ஏறத்தாழ 0.01 கெல்வினில் இயங்குகின்றன. வெளியிலுள்ள கருவிகளுடன் அவற்றை இணைக்கும் கம்பிகள் வெப்பத்தையும் உள்ளே கடத்துகின்றன. எனவே குளிரிலேயே இயங்கும் நினைவகம் மீண்டும் ஆய்வுக்கு வந்துள்ளது.

சிந்தியுங்கள்: நம் கிரையோட்ரான் நினைவகம் 5 கெல்வினுக்குச் சூடேறினால், எழுதிய செய்தி என்னவாகும்?